லம்பி வந்த வருஷம்

பாலைவனத்துல பால் இவ்ளோ நல்லா இருக்கும்னு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா, பிகானேருக்கு மாற்றல் வந்தப்ப அப்படிப் புலம்பியிருக்க மாட்டேன். ராட்டி மாட்டுப் பால். தங்கமணி போடற காபி கும்பகோணத்தைத் தூக்கிச் சாப்பிட்டுடும்.

பால் ஊத்தறவர் எங்க கிளையில கடன் வாங்கித்தான் ரெண்டு மாடு வாங்கியிருந்தார். கையெழுத்துப் போட்டது அடியேன்.

2022 ஆகஸ்ட்ல ஊரெல்லாம் லம்பி. நம்ம பக்கம் தோல் கழலை நோய்ம்பாங்க. மாட்டு உடம்பு பூரா நெல்லிக்காய் சைஸுக்குக் கட்டி, காய்ச்சல், பால் வத்திடும். கொசு, ஈ, உண்ணி மூலமா பரவும். மனுஷனுக்கு வராது, காய்ச்சின பாலைத் தாராளமா குடிக்கலாம்னு கால்நடை டாக்டர்கள் சொல்லிட்டே இருந்தாங்க. கிளைக்கு வந்தவங்ககிட்ட நானும் இதையே இந்தியில (அதாவது என் இந்தியில) சொன்னேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "கொஞ்ச நாளைக்குப் பால் பவுடரே போதும்"னேன்.

1990ல பிரிட்டன் விவசாய அமைச்சர் ஜான் கம்மர், பயப்படாதீங்கன்னு காட்ட, கேமரா முன்னாடி நாலு வயசு மகளுக்கு பீஃப் பர்கர் ஊட்டப் பார்த்தார். 1996 மார்ச்ல, மேட் கவ் நோய் மனுஷனுக்கும் வந்திருக்கலாம்னு அதே கட்சி அரசு நாடாளுமன்றத்துல ஒத்துக்கிச்சு. அப்ப நான் பி.காம். பேப்பர்ல படிச்சது மண்டையில அப்படியே தங்கிடுச்சு. ஆனா அது ப்ரியான்ங்கற புரதம், சமைச்சாலும் போகாது. இது அம்மை வகை வைரஸ், கொதிக்க வெச்சா காலி. தெரிஞ்சேதாங்க நிறுத்தினேன்.

பேங்க் மேனேஜரே நிறுத்திட்டாராம்னு எங்க தெருவுல இன்னும் நாலு வீடு நிறுத்திடுச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு அவர் கிளைக்கு வந்தார். "சாப், என் மாடு ரெண்டும் நல்லா இருக்கு. ஆட்டம்மைத் தடுப்பூசி போட்டாச்சு. பாலைத்தான் யாரும் வாங்கல." ரெண்டு தவணை பாக்கி. 90 நாள் தாண்டினா வாராக்கடன். நீங்க ஏன் நிறுத்தினீங்கன்னு மட்டும் கேக்கவே இல்லை. தண்ணி குடிங்கன்னு சொல்லிட்டு நான் கம்ப்யூட்டரையே பார்த்துட்டிருந்தேன்.

மறுநாளே திரும்ப ஊத்தச் சொன்னேன். நாலு வீட்டுல ரெண்டு வீடு திரும்பிச்சு, மத்த ரெண்டும் பாக்கெட் பாலுக்குப் பழகிடுச்சு. தீபாவளிக்கு அப்புறம் ஒரு மாட்டை வித்துத்தான் கணக்கை நேர் பண்ணினார். அடமானத்துல இருந்த மாடுங்கறதால விக்க பேங்க் அனுமதி வேணும். அந்தக் கடுதாசியிலயும் என் கையெழுத்துதான்.