நான்காவது இதழ்

சீனப் பெருநாளின் இரண்டாம் நாள். பாகான் செராயில் ஹார்ட்வேர் கடை, பேரிங் கடை, பம்புக் கடை எல்லாவற்றிலும் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. அன்றுதானா ஒரு பாய்மரப் படகின் எஞ்சின் சூடேறி நிற்க வேண்டும்? பங்கோரிலிருந்து பினாங்குக்குப் போய்க்கொண்டிருந்த வெளிநாட்டுத் தம்பதி. காற்றும் இல்லை, எஞ்சினும் இல்லை. கோல குராவ் ஆற்று வாய்க்கு வெளியே, சேற்றில் நங்கூரம் போட்டு நின்றார்கள். தெரிந்த மீன்படகுத் தவ்கே ஒருவர் விருந்தாளிகளை வீட்டில் விட்டுவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு போனார்.

சூடு என்றால் நான் முதலில் தெர்மோஸ்டாட்டைத் தொடுவதில்லை. புகைக் குழாயில் கடல்நீர் கக்குகிறதா என்று பார்ப்பேன். கக்கவில்லை. கடல்நீர் வால்வை அடைத்து, பம்பின் மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த இம்பெல்லரில் ஆறு இதழில் இரண்டுதான் மிச்சம். நீர் உறிஞ்சும் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டியிருந்தது. அந்த ரப்பருக்குத் தண்ணீர்தான் மசகு. வறண்டு சுற்றினால் சில நிமிடம்கூடத் தாங்காது.

கித்தாத் தோட்டத்தில் பிறந்தவன் நான். அம்மா விடிவதற்குள் பால்வெட்டுக்குப் போய்விடுவாள். ஆனாலும் இந்த இம்பெல்லர் அம்மா வெட்டிய ரப்பரில் செய்தது அல்ல. இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். எஞ்சினுக்கு நியோப்ரீன் அல்லது நைட்ரைல்தான் சரி. பால்மரத்தடியில் வளர்ந்துவிட்டு இதை நான் கற்றுக்கொண்டது கடைக்காரரிடம்.

எனக்குத் தொழில் பழக்கிய ஃபிட்டர் மாமா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: “பழசக் கையில எடுத்துக்காம கடைக்குப் போகாதடா.” அளவை எழுதிக்கொண்டு போனாலே போதும் என்று அந்த வயதில் நினைத்தேன். விட்டம் எழுதுவேன், உயரம் மறந்துபோகும். உயரம் எழுதினால் தண்டைப் பிடிப்பது சாவியா, பல்லா என்பது விட்டுப்போகும். பெட்ரோலுக்குக் கொடுத்த காசில் அதைத் தெரிந்துகொண்டேன்.

உடைந்த இம்பெல்லரைப் பிளாஸ்டிக்கில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மீன்படகில் கரைக்குத் திரும்பி, மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். வழியெல்லாம் வயல், வாய்க்கால். புக்கிட் மேரா ஏரித் தண்ணீரைக் கொண்டுவரும் பாசனத் திட்டம் 1906-இல் முடிந்தது. நான் பம்பு கற்றது இந்த வயல் தண்ணீரில்தான். அங்கே மணல் பகை, கடலில் உப்பு.

பம்புக் கடைத் தவ்கே மாடியில்தான் குடியிருக்கிறார். பக்கத்துக் கதவைத் தட்டினேன். சிவப்புச் சட்டையோடு இறங்கி வந்தவர், “அன்னே, இன்னிக்குமா?” என்றார். கையில் இரண்டு ஆரஞ்சைத் திணித்துவிட்டுத்தான் உடைந்ததை வாங்கிப் பார்த்தார். முதலில் எடுத்த பெட்டியில் விட்டம் சரி, உயரம் 3 மில்லிமீட்டர் அதிகம். வெட்டிப் போடலாம் என்பார்கள். நானும் போட்டிருக்கிறேன். ஓரம் சீராக வராது. மூடியில் உரசிச் சூடேறும். வேறொரு துறைமுகத்தில் வேறொருவன் என்னைத் திட்டுவான். தவ்கே மறுபடி மாடிக்கு ஏறினார். இருபது நிமிடம் கழித்துத் தூசி படிந்த ஒரு டப்பாவோடு இறங்கினார். அதுதான்.

ஹோஸ் கிளிப்பும் நான்கு வாங்கினேன். பட்டை ஸ்டெயின்லெஸ்தான்; திருகு பல சமயம் வெறும் இரும்பாக இருக்கும். அதனால் காந்தம் ஒன்று எப்போதும் என் சாவிக்கொத்தில் தொங்கும். காருக்கு அந்தக் கிளிப் போதும், உப்புத் தண்ணீரில் சீக்கிரமே துரு தின்றுவிடும்.

பாய்மரப் படகுக்குத் திரும்பி வந்தால் அந்த வெளிநாட்டு அம்மா புதியதை உடனே மாட்டச் சொன்னார். மாட்டலாம், உடைந்த நான்கு இதழும் எங்கே? பம்பில் ஒன்றுமில்லை. வெப்பமாற்றியின் முனைமூடியைத் திறந்து, குழல் வாய்களில் அடைத்திருந்த துண்டுகளைக் குறட்டால் எடுத்துத் துணியில் பரப்பி, பழைய இம்பெல்லரின் முறிந்த அடிகளில் பொருத்திப் பார்த்தேன். மூன்று இதழ் சேர்ந்தது. நான்காவது இல்லை. அதை விட்டுவிட்டு எஞ்சினைக் கிளப்பினால் அன்று ஓடும். இன்னொரு நாள், கரையே தெரியாத இடத்தில், நகர்ந்து வந்து அடைக்கும். குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதினேன். பம்பை விட்டுக் கிளம்பியதுமே வரும் வளைவில் உட்கார்ந்திருந்தது, நகக்கண் அளவு.

புதியதைப் பாத்திரம் கழுவும் சோப்பு தடவி, இதழ்களைச் சுற்றும் திசைக்குச் சாய்த்து உள்ளே தள்ளினேன். வால்வைத் திறந்து எஞ்சினைக் கிளப்பியதும் புகைக் குழாய் தண்ணீரைக் கக்கியது.

அதற்குள் கடல் வற்றிவிட்டது. சீனப் பெருநாள் அமாவாசையில் பிறப்பது. அந்த நாட்களில் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. மீன்படகு ஆற்று வாய்க்குள் நுழைய முடியாது என்று தவ்கே கைவிரித்தார். தண்ணீர் ஏறும்வரை மூவர் ஆரஞ்சு உரித்தோம். அந்த ஐயா டார்ச் எடுத்து எஞ்சினைச் சுற்றிப் பார்த்து, தளர்ந்த பெல்ட், கசியும் கிளாண்டு என்று அடுத்த பட்டியலை எழுதத் தொடங்கியிருந்தார். பெல்ட்டைக் கழற்றித் தரச் சொன்னேன்.