குத்தாலத்து வாயுவும் கடையத்துப் பாறையும்

தென்காசிப் பக்கம் பேச்சுவழக்கில் குற்றாலத்தையும் 'குத்தாலம்' என்றுதான் சொல்வார்கள். மயிலாடுதுறை பக்கத்தில் நிஜமாகவே ஒரு குத்தாலம் இருக்கிறது. இங்கே அருவி. அங்கே ஓ.என்.ஜி.சி. எடுக்கும் எரிவாயுவில் ஓடும், சுமார் 100 மெகாவாட் மின்நிலையம்.

கடையத்தில் ஷேல் வாயு கிடைக்காது. ஷேல் என்பது களிமண் படிந்து இறுகிய படிவப்பாறை. காவிரிப் படுகையில் அது மிக ஆழத்தில் உண்டு. கடையத்துக்கு அடியிலோ கெட்டிப்பாறை. வாயு வராது, கல் வரும்! கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் புளியரை வழியாகக் கேரளா போவதும், அதை எதிர்த்து மக்கள் போராடுவதும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

ஷேல் வாயுவை எடுக்க, மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்திப் பாறையை உடைக்க வேண்டும். ஒரு கிணற்றுக்கே கோடி லிட்டர் கணக்கில் தண்ணீர் போகும். 2013-இல் மத்திய அரசு பொதுத்துறை நிறுவனங்களுக்கு இதற்கான வழியைத் திறந்தபோது டெல்டா விவசாயி பயந்ததில் தப்பில்லை. ஏற்கெனவே மன்னார்குடி மீத்தேன் திட்டம் வந்திருந்தது. 2017-இல் நெடுவாசல் போராட்டம் நடந்தது. 2020-இல் தமிழக அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிச் சட்டம் போட்டது.

நல்ல சட்டம்தான். ஆனால் அது புதிய கிணறுகளைத்தான் தடுக்கிறது. பழைய கிணறுகள் தொடர்கின்றன. ராமநதி, கடனா அணைத் தண்ணீரில் நெல் விளையும் கடையமோ அந்த மண்டலத்திலேயே இல்லை. 'வேண்டாம்' என்ற சொல் எட்டாத இப்படிப்பட்ட இடங்களில்தான் 'பொறுப்பு' என்ற சொல்லுக்கு வேலை அதிகம்.

பொறுப்பு என்றால் என்ன? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2012 முதல் ஷேல் கிணறுகளுக்குக் கட்டணம் வாங்கி, அதில் பெரும்பகுதியை உள்ளூர் நிர்வாகங்களுக்குத் தருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மாநிலத்தின் டிமாக் என்ற ஊரில் 2009-இல் வீட்டுக் கிணறுகளில் மீத்தேன் கலந்தது. வாயு எடுத்த நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை எதிர்க்காமல், குடிநீர்க் குழாய்க்குப் பணம் தர ஒப்புக்கொண்டது 2022-இல்தான். 13 வருஷம்! அதுவரை அந்தக் குடும்பங்கள் எதைக் குடித்திருக்கும்?

ஆகவே பொறுப்பு தோண்டிய பிறகு வருவதல்ல, தோண்டும் முன்பே வர வேண்டியது. சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் தரத்தையும் முதலிலேயே அளந்து கிராமசபையில் வைக்கட்டும். சீர்செய்யும் பணத்தை முன்கூட்டியே கட்டட்டும். இல்லாவிட்டால் நாளை கிணறு வற்றும்போது, 'இது எங்களால்தான் என்று நிரூபி' என்பார்கள். பழைய அளவு கையில் இல்லாத விவசாயி எதைக் காட்டுவார்?

குத்தாலத்து வாயுவுக்கு மட்டுமல்ல, கடையத்துப் பாறைக்கும் இதே கேள்விதான்.