தண்ணீர்மேல் பழி

பறந்துகொண்டிருக்கும்போது ஒரு பழைய பைப்பர் கப் விமானத்தின் எஞ்சின் தடுமாறுகிறது. எப்படியோ தரையிறக்கிவிடுகிறார்கள். மெக்கானிக் வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்கிறார். அடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர், கொஞ்சம் துரு. ‘பெட்ரோலில் தண்ணீர்’ என்று எழுதி விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு எனக்கு உறுத்தல். பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில் 1938 முதல் 1947 வரை செய்த ஜே-3 கப், இன்றைக்கு எப்படிப் பார்த்தாலும் கிழடுதான். அத்தனை வயதான டேங்கில் தேடினால் இரண்டு சொட்டுத் தண்ணீர் கிடைப்பதில் என்ன ஆச்சரியம்? நேற்றும் அது இருந்திருக்கலாம். நேற்று எஞ்சின் ஒழுங்காகத்தானே ஓடியது? தவிர, கிண்ணத்தில் கிடந்த தண்ணீர் எஞ்சினுக்குள் போகாமல் பிடிபட்ட தண்ணீர். தப்பிப் போனது எவ்வளவு என்பதற்கு அது சாட்சி ஆகாது.

கோளாறின் மூலத்தைத் தேடுவதற்கு இந்த விமானம் தோதானது. பம்ப் கிடையாது. பைலட்டுக்கு முன்னால், எஞ்சினைப் பிரிக்கும் தடுப்புக்குப் பின்னால், 12 காலன் டேங்க். நம் கணக்கில் சுமார் 45 லிட்டர். அங்கிருந்து ஓர் அடைப்பான், ஒரு வடிகட்டி, பிறகு எஞ்சினுக்கு அடியில் தொங்கும் ஸ்ட்ராம்பர்க் கார்ப்புரேட்டர். பெட்ரோல் தன் எடையில் தானே இறங்க வேண்டும். அளவுமானி என்று பார்த்தால், மிதக்கும் கார்க்கில் செருகிய ஒரு கம்பி. டேங்க் மூடி வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே இறங்கும். இந்த வழக்கில் பிடிவாதமான சாட்சி இந்தக் கம்பிதான். எஞ்சின் நின்றபிறகும் ‘பெட்ரோல் இருக்கிறது’ என்றே சாதிக்கும். அதை எவ்வளவு நம்பலாம்? கார்க்மேல் ஷெல்லாக் பூசியிருந்தால் எத்தனால் கலந்த பெட்ரோலில் அது கரையும். கார்க் ஊறிக் கனத்து அமிழும். அப்போது கம்பி இருப்பதைக் குறைத்துக் காட்டும், ஆபத்தில்லாத பொய். கம்பி வளைந்து மூடியில் சிக்கினால் கூட்டிக் காட்டும். அது ஆளைக் கொல்லும் பொய். டேங்குக்குள் குச்சி விட்டுப் பார்த்து இரண்டையும் கழித்துவிடலாம். கழித்தபிறகும் தேடல் ஓர் அங்குலம் நகர்வதில்லை. கம்பி இருப்பைச் சொல்லும், வரத்தைச் சொல்லாது.

வரத்து என்றதும் பெட்ரோலை விட்டுவிட்டுக் காற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும். எதிர்ப்பக்கம் இன்னொன்று போட வேண்டும். கப்பில் அந்த இரண்டாவது ஓட்டை, டேங்க் மூடியில் காற்று நுழைய விட்டிருக்கும் சிறு வழி. அதில் அழுக்கு அடைத்தாலோ, யாராவது பொருந்துகிறதே என்று வேறு மூடியைப் போட்டுவிட்டாலோ என்ன ஆகும்? பெட்ரோல் மட்டம் கார்ப்புரேட்டருக்கு மேலே அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரம் தரும் அழுத்தம் வளியழுத்தத்தில் நூற்றுக்கு நான்கு பங்குகூட வராது. டேங்குக்குள் அந்த அளவு வெற்றிடம் உண்டானால் ஓட்டம் நின்றது. பாதி காலியான டேங்கில், ஆவி நிரப்பும் இடத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஒன்றிரண்டு லிட்டர் எரிந்தாலே போதும். 65 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின் மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். அதாவது சில நிமிடங்கள். தரையில் மெதுவாக ஓடும்போது தெரியாது. மேலே ஏறியபிறகுதான் கழுத்தைப் பிடிக்கும். இனி வேடிக்கையைப் பாருங்கள்: தரையிறங்கியதும் எல்லோரும் முதலில் செய்வது பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறப்பது. திறந்த கணமே காற்று உள்ளே போய்விடும், தடயமும் போய்விடும். சோதிப்பவரே தடயத்தை அழித்துவிட்டு, அடுத்தபடியாக வடிகட்டியைக் கழற்றுகிறார். தண்ணீர் கிடைத்துவிடுகிறது!

இங்கேதான் என் சந்தேகம் மூடியோடு நிற்காமல் தாவுகிறது. தடயம் விடாத குற்றவாளி வேறு யார்? கார்ப்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கிறது, பெட்ரோல் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து வெப்பநிலையை 30 பாகை செல்சியஸுக்கு மேல்கூட இறக்கிவிடும். காற்றிலுள்ள ஈரம் அங்கேயே பனிக்கட்டியாகப் படியும். 38 பாகை வெயிலில், ஈரப்பதம் வெறும் 50 விழுக்காடாக இருந்தாலும் இது நடக்கலாம் என்கிறது அமெரிக்க விமானத்துறையின் பாடநூல். 2000 முதல் 2011 வரை அந்நாட்டில் சுமார் 250 விபத்துகளில் இதற்குப் பங்குண்டு என்பது அங்குள்ள போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் கணக்கு. லைக்கோமிங் எஞ்சின்களில் கார்ப்புரேட்டர் சூடான எண்ணெய்த் தொட்டியோடு ஒட்டியிருக்கும்; கான்டினென்டலில் அந்தக் கதகதப்பு இல்லை. எஞ்சின் நின்று கால் மணி நேரத்தில் கட்டி உருகிவிடும். குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவி அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். ஆறினால் அடைப்பு இல்லை.

தண்ணீரால் எஞ்சின் நின்றதே இல்லையா என்று கேட்கலாம். நின்றிருக்கிறது. மழையில் வெளியே நிறுத்திய விமானத்தில், மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால், தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டேங்கின் மூலையில் தங்கிய நீர் மூக்கைத் தூக்கும்போது பெயர்ந்து வருவதும் உண்டு. ஆனால் அப்படி வந்த நீர் வடிகட்டியில் சொட்டாக நிற்காது, கிண்ணத்தை நிறைத்திருக்கும். காணாத ஒன்றைக் குற்றம்சாட்டுவது தப்பித்தல் இல்லையா என்பது இன்னும் வலுவான கேள்வி. காணாததையும் சோதிக்கலாம், வரிசை மாறாமல் இருந்தால். முதலில் மூடியைத் தொடக்கூடாது. வால்சக்கர விமானம் தரையில் நிற்கும்போதே மூக்கு தூக்கித்தான் இருக்கும். ஏறும் கோணம் வருமளவு இன்னும் தூக்கி, கார்ப்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, மூடி போட்டபடியே அளவுப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். பம்ப் இல்லாத விமானத்தில், முழு வேகத்தில் எஞ்சின் குடிப்பதைப்போல் ஒன்றரை மடங்கு வர வேண்டும் என்பது விதி. முதலில் நன்றாக வந்து பிறகு இளைத்தால் மூடியைத் திறக்கலாம். உடனே வேகம் பிடித்தால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை. பனிக்கான சோதனை வானத்தில்தான். கார்ப்புரேட்டருக்குச் சூடான காற்றுவிடும் பிடியை இழுத்ததும் எஞ்சின் முன்னைவிட மோசமாக இருமும், உருகிய நீர் உள்ளே போவதால். பயந்துபோய்ப் பிடியைத் திரும்பத் தள்ளாமல் இருந்தால், சற்று நேரத்தில் சுற்று ஏறும். ஏட்டில் எழுத வேண்டியது அந்த ஏற்றத்தை.