கண்ணபுரம் சந்தையில் ஒரு பரீட்சை

வெள்ளகோவில் வானம் பார்த்த பூமி. இங்கே வண்டி மாடு என்றால் குடும்பத்தில் பாதி. ஆகவே சேமித்த பணம் முழுவதையும் மடியில் முடிந்துகொண்டு, உழைத்துப் பழகிய எருது ஜோடி ஒன்று வாங்கச் சித்திரை மாதத்தில் கண்ணபுரம் சந்தைக்குப் பெரியப்பாவுடன் போனோம்.

"காங்கேயம் திமிலையும் கொம்பையும் கண்டு மயங்காதே, வாயைத் திற" என்றார் பெரியப்பா. மாட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில்தான் உண்டு. இரண்டு வயது முதல் பால்பல் விழுந்து ஜோடி ஜோடியாக முளைத்து, ஐந்து வயதுக்குள் எட்டும் நிறைந்துவிடும். அப்புறம் தேய்மானந்தான் கணக்கு. பல் பார்த்தோம், நுகத்தழும்பைத் தடவினோம், குளம்பைத் தூக்கினோம், நடக்கவிட்டோம். குறையே இல்லை.

தரகர் துண்டுக்குள் பெரியப்பாவின் விரல்களைப் பற்றி விலையைப் படியவைத்தார். அச்சமயம் மாட்டுக்காரப் பெரியவர், "கொஞ்சம் பொறுங்க. புழுதியில தெரியாதுங்க, கல்லு ரோட்டுல நடத்திப் பாருங்க" என்றார். தரகர் முகம் சுளித்தார். நடத்தினோம். இடத்து எருது பின்னங்காலை லேசாக இழுத்தது.

"மழை இல்லீங்க, தீவனத்துக்கு வழியில்லாம விக்கறேன். சொல்லாம வித்தா, அது நொண்டறப்ப நீங்க அடிப்பீங்க."

பெரியப்பா மறுபடி துண்டுக்குள் கை விடவில்லை. பேசிய விலையையே எண்ணிக் கொடுத்தார். வழியில் காரணம் கேட்டோம். "எட்டுப் பல்லையும் பார்த்தோம், விற்கிறவர் வாயைப் பார்க்க மறந்தோமே!" என்றார்.

அந்த எருதுக்குப் பாரம் குறைத்தே பூட்டினோம். சாட்டை பரண்மேல் ஏறியது, பிறகு இறங்கவேயில்லை.