பாலனோகிளாசஸ் வீட்டுக்குப் போய் வந்தேன்



வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவர், கரீபியன் கடலில் படகை வாடகைக்குப் பேசி ஆளில்லாத தீவுக்குப் போன படங்களை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். "சார், நீங்களும் ஒரு தீவுக்குப் போங்க" என்று சீண்டியும் இருந்தார். போய் வந்துவிட்டேன் தம்பி. ஓசூரிலிருந்து பாம்பன் வரைதான், பாஸ்போர்ட் தேவைப்படவில்லை.

விலங்கியலில் அரைநாணிகள் பாடம் நினைவிருக்கிறதா? பாலனோகிளாசஸ்! பார்வைக்குப் புழு, மணலுக்குள் வளை தோண்டி வாழும், ஆனால் செவுள் பிளவுகள் உண்டு. படம் வரையச் சொன்னால் பாதிப் பேர் மண்புழுவை வரைந்து வைப்பீர்கள். அது வாழும் இடமாக நான் கரும்பலகையில் எழுதிய பெயர்தான் குருசடைத் தீவு. அந்தத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி மட்டுமே சென்னை அருங்காட்சியகம் 1927-ல் ஒரு தனி நூல் வெளியிட்டது என்றால் அதன் செல்வத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1897-ல் விவேகானந்தர் வந்திறங்கிய குந்துகாலிலிருந்து வனத்துறையினர் படகில் அழைத்துப் போகிறார்கள். இஷ்டத்துக்கு இறங்கித் திரிய முடியாது. வெள்ளை மணல், அலையாத்தி மரங்கள், அடித்தரை தெரியும் தண்ணீர். கடை இல்லை, இரைச்சல் இல்லை. "பாலனோகிளாசஸ் பார்த்தீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. மணலைத் தோண்டக் கூடாது. அந்த விதி எனக்குப் பிடித்தது.

மன்னார் வளைகுடாவில் இப்படி 21 தீவுகள் உண்டு. அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பவளப் பாறைகளைப் பல காலம் வெட்டி எடுத்தார்கள். பவளப் பாறை என்பது அலையின் வேகத்தைத் தடுக்கும் சுவர். சுவரை எடுத்தால் மணல் கரையும். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 2001-ல் பவளங்களுக்குப் புலிக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. மீதித் தீவுகள் தப்பி நிற்க இந்தக் கட்டுப்பாடுகளே பெரிய காரணம். அதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. அந்தத் தீவுகளை நம்பிப் பிழைத்த மீனவர்களும், கடலில் மூழ்கிப் பாசி எடுத்த பெண்களும்தான் அவர்கள். நாம் ரசிக்கும் சுத்தத்தில் அவர்கள் இழந்த கூலியும் இருக்கிறது.

அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது எனக்கு நம் கெலவரப்பள்ளி அணைதான் ஞாபகம் வந்தது. நந்தி மலையில் பிறந்த தென்பெண்ணை, பெங்களூருப் பக்கத்துச் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுமந்து வந்து இங்கே நுரையாகப் பொங்குகிறது. அதே ஆறுதான் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் எல்லாம் தாண்டிக் கடலூர் அருகே கடலில் சேர்கிறது. ஜூஜூவாடி எல்லையில் லாரியை நிறுத்திச் சோதிக்கலாம், தண்ணீரை நிறுத்த முடியுமா? மேலே இருப்பவர்களைக் குறை சொல்லும் நமக்கும் கீழே ஊர்கள் இருக்கின்றன.

உங்களில் பலர் சிப்காட் ஆலைகளில் பொறுப்பான இடத்தில் இருக்கிறீர்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்பவர்களும் உண்டு என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு இந்த வாத்தியார் கொடுக்கும் வீட்டுப்பாடம் ஒன்றுதான். இரவு ஷிஃப்டில், யாரும் பார்க்காத நேரத்திலும் அந்த பம்ப் ஓடுகிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பிள்ளைகளை ஒருமுறை குருசடைக்கும் கூட்டிப் போங்கள். வரும்போது குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள்.