தாத்தாவின் வெள்ளி ரூபாய்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இத்தனை நல்ல ரூபாய்கள் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அவற்றைத் தேய்க்க அம்மா விபூதியும் புளியும் எடுத்து வைத்திருக்கிறாள் என்றாயே, முதலில் அதை நிறுத்து. போனில் சொன்னால் பாதியிலேயே விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

நாணயங்களின் மேல் படிந்திருக்கும் அந்தக் கறுப்பு, அழுக்கு இல்லையடா. காற்றிலுள்ள கந்தகம் பட்டு, நாணயத்தின் மேல்தோலில் இருந்த வெள்ளியே சல்பைடாக மாறியிருக்கிறது. அதைத் தேய்த்து எடுத்தால் அந்த வெள்ளியும் சேர்ந்துதான் போகும். விபூதி காமாட்சி விளக்குக்குச் சரி. நாணயத்தில் அது மயிரிழைக் கீறல்களாக விழும். அச்சு அடிக்கும்போது உலோகம் விளிம்பை நோக்கி ஓடியதில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் உண்டாகும். புது நாணயத்தைச் சாய்த்தால் ஒளி சுழல்வது அவற்றால்தான். ஒருமுறை தேய்ந்தால் எந்த ஆசாரியாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. முக்கி எடுக்கும் திரவம் கடையில் கிடைக்கும், அதிலும் தயோயூரியாவும் அமிலமும்தான். கறுப்போடு மேற்பரப்பையும் கரைத்து, பல்லிளிக்கிற வெறும் வெண்மையை விட்டுவைக்கும்.

தாத்தாவின் நாணயங்களைத் தேய்க்காமல் விடுவது இன்னும் முக்கியம். விக்டோரியா ரூபாயில் 1862 என்று இருக்கிறதே, அதை அந்த வருஷம்தான் அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. பிறகு பல வருஷங்கள் அதே 1862ஐப் போட்டே அடித்தார்கள். பின்பக்கத்திலுள்ள பொடிப் புள்ளிகளை எண்ணித்தான் ரகம் பிரிக்கிறோம். அந்தப் புள்ளி மழுங்கினால் நாணயத்தின் அடையாளமே போய்விடும். 1911 ஜார்ஜ் ரூபாயும் அப்படித்தான். ராஜாவின் அங்கியிலுள்ள குட்டி யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருஷமே யானையைத் திருத்தினார்கள். அதற்காகவே தேடி வாங்குகிற நாணயம் அது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய அந்த யானையைப் புளி போட்டுத் தேய்ப்பதா?

தேய்த்ததன் நஷ்டம் விலையிலும் தெரியும். தரம் பார்த்துப் பெட்டியில் அடைத்துத் தரும் அமெரிக்க நிறுவனங்கள், கடுமையாகத் தேய்த்த நாணயத்துக்குத் தர எண் கொடுப்பதில்லை, சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதிவிடுகின்றன. கறுத்த நாணயத்தை விரும்பி வாங்க ஆள் உண்டு. தேய்த்ததைப் பார்த்தால் பழகிய கண் ஒதுங்கிவிடும்.

1940களின் ரூபாய்கள் வேறு ஜாதி. பழைய ரூபாய் ஒரு தோலா எடையில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதிப் பங்காகக் குறைத்து, செம்பை 40 சதவீதமாக ஏற்றினார்கள். அதில் பச்சை தெரிந்தால் செம்பின் வேலை என்று வைத்துக்கொள். காய்ந்து கெட்டியாக இருந்தால் அப்படியே விடு.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கை வைக்கலாம். நான்காவது படத்தில் பிளாஸ்டிக் உறையில் ஒட்டிய நாணயத்தில் பிசுபிசுவென்று பச்சை இருக்கிறது, பார்த்தாயா? அது பிவிசி உறை கசிந்த பிசின். விட்டால் உலோகத்தை அரிக்கும். ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடையில் சுத்தமான அசிட்டோன் வாங்கு. நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறவை, புது அசிட்டோனில் இன்னொரு முறை அலசு, துடைக்காமல் காயவிடு. அசிட்டோன் சீக்கிரம் தீப்பிடிக்கும். அடுப்படியில் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வை. இதனால் கறுப்பு போகாது, போகவும் வேண்டாம்.

ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் சுற்றாதே, ரப்பரில் கந்தகம் இருக்கிறது. விளிம்பைப் பிடித்தே எடு. பிவிசி கலக்காத உறை இரண்டு கட்டு அனுப்புகிறேன், வந்ததும் தனித்தனியாகப் போடு.

1862 ரூபாயின் பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பு, புள்ளிகளை எண்ணிச் சொல்கிறேன். நகைக்கடையில் எடைக்குப் போடுவதைப் பற்றி, பொங்கலுக்கு நான் வரும்வரை யாரும் பேச வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
அக்கா