இழுத்து வார்க்கும் கண்ணாடி

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும் ரசாயன ஆலைகளிலும் மஞ்சள் நிறக் கைப்பிடிகளையும் நடைபாதைச் சட்டங்களையும் பார்த்திருப்பீர்கள். பெயின்ட் அடித்த இரும்பு போலத்தான் இருக்கும். விரலால் தட்டினால் சத்தம் வேறு. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த எஃப்.ஆர்.பி. அது. இந்தச் சட்டங்களுக்கான ஆங்கிளும் சேனலும் எப்படி உருவாகின்றன என்று பார்க்க அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சின்னப் பட்டறைக்குப் போயிருந்தேன்.

உள்ளே நுழைந்ததும் இரும்பு அடுக்குகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை வெளேரென்று ரோவிங் உருளைகள். முறுக்கு ஏறாத கண்ணாடி இழைக் கற்றைதான் ரோவிங். அன்று ஓடிக்கொண்டிருந்தது 50-க்கு 50, 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆங்கிள். அதற்கு ஏறக்குறைய 100 ரோவிங் ஒரே நேரத்தில் உள்ளே போக வேண்டும். அவர்கள் வைத்திருந்தது 4800 டெக்ஸ் ரகம். ஒரு கிலோமீட்டர் நீளம் 4.8 கிலோ எடை. ஒரு உருளை தீரும் முன் அடுத்ததன் நுனியைப் பழையதன் வாலோடு சேர்த்துவிட வேண்டும். அந்த இணைப்பு தடித்துவிட்டால், சட்டத்துக்கு வடிவம் தரும் அச்சான டையின் வாயில் சிக்கும். ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளைஞர், பேசிக்கொண்டே, விரலைப் பார்க்காமலே அதைச் செய்துகொண்டிருந்தார்.

அலுமினியச் சட்டத்தை இடியாப்பம் பிழிவதுபோலப் பின்னாலிருந்து தள்ளி எடுப்பார்கள். இங்கே அது நடக்காது. "தள்ளினா நூல் மடங்கிடும் சார். முன்னாடி நின்னு இழுக்கிறதுதான் வேலையே" என்றார் மூத்த ஆபரேட்டர். எல்லோருக்கும் அவர் அண்ணன். 1950-களில் அமெரிக்காவில் பிராண்ட் கோல்ட்ஸ்வொர்தி போன்றவர்கள் வளர்த்தெடுத்த புல்ட்ரூஷன் முறை இது. இழைகள் ரெசின் தொட்டியில் முங்கி எழுந்து, துளைத் தகடுகள் வழியே வரிசைப்பட்டு, மேட் எனப்படும் இழைப் பாயையும் வெய்ல் (veil) எனப்படும் மெல்லிய மேல்துணியையும் போர்த்திக்கொண்டு சூடான டைக்குள் போகின்றன. டையின் மறுமுனையில் இரண்டு புல்லர்கள் மாறி மாறிப் பற்றி இழுக்கின்றன. வெளியே வரும்போது சட்டம் முழுக்க இறுகியிருக்கிறது.

மேட் எதற்கு? ரோவிங் எல்லாம் நீளவாக்கில்தான் ஓடுகிறது. நீளவாக்கில் இழுத்தால் தாங்கும், குறுக்கே பிளந்துகொள்ளும். எல்லாத் திசையிலும் இழை கிடக்கும் மேட்தான் குறுக்கு வலுவைத் தருகிறது. அப்போதும் சமமாகிவிடாது. ஐரோப்பியத் தரநிலை இ.என். 13706, தன் உயர் ரகத்துக்கே நீளவாக்கில் 240 மெகாபாஸ்கல் இழுவலிமை கேட்டுவிட்டு, குறுக்கே 50 போதும் என்கிறது. 240 என்பது சாதாரண இரும்பு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லைக்குப் பக்கம். ஆனால் விறைப்பில் இரும்பின் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான். அதனால் இது உடைவதற்கு வெகு முன்னாலேயே வளைந்து பயமுறுத்தும். இரும்பு ஆங்கிள் இருந்த இடத்தில் அதே அளவு எஃப்.ஆர்.பி. ஆங்கிளை மாட்டுபவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். எடை கால்வாசி, துரு கிடையாது என்ற இரண்டு வரியோடு விற்பனைப் பேச்சு நின்றுவிடுகிறது.

ரெசின் கலக்கும் மூலைதான் பட்டறையின் அடுப்படி. அண்ணன் அங்கே யாரையும் விடுவதில்லை. சாதாரண வேலைக்கு ஐசோஃப்தாலிக் பாலியெஸ்டர். அமிலமும் காரமும் படும் இடத்துக்கு வினைல் எஸ்டர், விலை அதிகம். இறுகிய பிறகு இரண்டையும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. அதோடு சூட்டில் வேலை செய்யும் பெராக்சைடு, டையில் ஒட்டாமலிருக்க ரிலீஸ் ஏஜென்ட், நிறம், வெயிலைத் தாங்க யு.வி. மருந்து, கடைசியாகப் பவுடர். தீப்பிடிக்காமலிருக்க அலுமினா ட்ரைஹைட்ரேட் போட்டால், 200 டிகிரியைத் தாண்டியதும் அது தன்னிடமுள்ள நீரை விட்டுத் தீயை மட்டுப்படுத்தும். சுண்ணாம்புப் பவுடர், அதாவது கால்சியம் கார்பனேட், கொஞ்சம் சேர்த்தால் சுருக்கம் குறையும், மேற்பரப்பு வழவழப்பாகும். அளவோடு போட்டால் இரண்டும் நல்ல சரக்கு.

அளவு மீறும் இடத்தில்தான் இந்தத் தொழிலின் திருட்டு இருக்கிறது. சரக்கு கிலோ கணக்கில் விலை போகிறது. கண்ணாடி இழையின் அடர்த்தி சுமார் 2.55, சுண்ணாம்புப் பவுடருடையது 2.7. இழையைக் குறைத்துப் பவுடரைக் கூட்டினால் தராசு காட்டிக்கொடுக்காது. நிறம் அதே, எடை அதே, விலை மட்டும் மலிவு.

காட்டிக்கொடுப்பது நெருப்பு. ஒரு துண்டை உலையில் 565 டிகிரியில் எரித்தார்கள். ரெசின் முழுக்கப் போய், வெளிப்பக்கம் மேட்டும் நடுவில் நூல் பிடித்ததுபோல் ரோவிங்குமாக வெள்ளை இழை அடுக்குக் குலையாமல் கிடந்தது. நல்ல கட்டமைப்புச் சட்டத்தில் எடையில் பாதிக்கு மேல் கண்ணாடியாக இருக்க வேண்டும். மீந்ததைத் தட்டினால் கொட்டுவது பவுடர். நீர்த்த அமிலத்தில் போட்டு அது பொங்கினால் சுண்ணாம்பு.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். அண்ணன் ஜெனரேட்டரைக் காட்டினார். இழுப்பு நின்றால் டைக்குள் இருப்பது அங்கேயே இறுகிவிடும். குரோம் பூசிய டையைக் கீறாமல் அதைப் பெயர்த்தெடுப்பது பெரும்பாடு. அதனால் ஓட்டம் தொடங்கினால் சாப்பாடுகூட முறை வைத்துத்தான்.

கட்டர் பக்கம் நிற்பவரின் நிலை வேறு. ஈரம் தெளித்து அறுத்தாலும் கண்ணாடித் தூள் முழங்கையிலும் கழுத்திலும் ஏறுகிறது. வேலைக்கு முன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறார். முடிந்ததும் பச்சைத் தண்ணீரில்தான் குளியல். அரிப்பு ஓரிரு நாளில் போகும். அதைவிட எனக்குக் கவலை தந்தது ரெசினில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும் ஸ்டைரின். "மூக்கு பழகிடுச்சு சார்" என்றார் ஒருவர். பழகியது மூக்குதான், நுரையீரலோ நரம்போ இல்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் ஸ்டைரினை, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற சந்தேகம் வலுவாக உள்ள 2ஏ பிரிவுக்கு உயர்த்தியது. அங்கே மாட்டியிருந்த துணி முகக்கவசம் தூளைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிவடிகட்டி உள்ள கவசமும் தொட்டிக்கு மேல் உறிஞ்சு குழாயும் வேண்டும். இரண்டுக்கும் ஆகும் செலவு சட்டத்தின் விலையில்தான் ஏற வேண்டும், வாங்குபவர் அதைக் கொடுக்கத் தயாராக இருந்தால்.

எஃப்.ஆர்.பி. சட்டம் வாங்கப் போகிறவர்கள் கிலோ விலை கேட்பதோடு நிறுத்த வேண்டாம். எந்த ரெசின், கண்ணாடி எத்தனை சதவீதம் என்று எரித்துப் பார்த்த அறிக்கையோடு கேளுங்கள். உங்கள் இடத்தில் அறுத்த முனையையும் போட்ட துளையையும் ரெசின் பூசி அடைக்கச் சொல்லுங்கள். அடைக்காத முனை வழியாகத்தான் தண்ணீர் இழையோடு உள்ளே போகிறது.